புதிய நாடகக் குழு நகைச்சுவை நாடகம் போடுவது எப்படி?

கல்லூரிக் குழுவோ குடியிருப்புச் சங்கத்துக் குழுவோ முதன்முதலாக நகைச்சுவை நாடகம் போட முனையும்போது, கேட்ட துணுக்குகளைக் கோத்து நாற்பது நிமிடம் ஓட்டிவிடலாம் என்று பெரும்பாலும் எண்ணிவிடுகிறது. துணுக்குக்குச் சிரிப்பவர்கள் சற்று நேரத்தில் களைத்துவிடுவார்கள். அவர்களை இருக்கையில் இருத்தி வைப்பது, இந்த ஆள் அடுத்து எப்படி மாட்டிக்கொள்ளப் போகிறான் என்ற எதிர்பார்ப்புத்தான். ஆகவே பிரதியைத் தேர்ந்தெடுக்கும்போது, யாருக்கு என்ன வேண்டும், அதற்காக அவர் எதை மறைக்கிறார், அது யாருக்குத் தெரிந்தால் ஆபத்து என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் தெளிவான விடை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தொடங்குவதற்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’யை நான் பரிந்துரைப்பேன். வழக்கறிஞராகவும் பின்னர் நீதிபதியாகவும் இருந்த அவர் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை, நாடகத்தைப் பிழைப்பாகக் கொள்ளாத, படித்தவர்கள் நடத்திய குழு. அந்த வகையில் அவர் நம்மைப் போன்றோருக்கு முன்னோடி. ‘சபாபதி’யில் எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர், வேலைக்காரனோ சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்பவன் என்ற அமைப்பே சிரிப்புக்குப் போதுமானது. ஒரு நாற்காலியும் மேசையும் இருந்தால் ஒத்திகையைத் தொடங்கிவிடலாம். பழைய நடையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். அந்த இருவரின் உறவை மட்டும் மாற்றாதீர்கள்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்தபின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். பம்மல் 1964-இல் மறைந்ததால், அவருடைய நாடகங்களுக்கு அந்தக் காலம் 2024-ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. உரிமை நீடிக்கும் நாடகங்களைக்கூட, கட்டணம் செலுத்தாத பார்வையாளர் முன் பயில்முறைக் குழுக்கள் (நாடகத்தைத் தொழிலாகக் கொள்ளாத குழுக்கள்) நடிப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அத்தகைய நாடகத்துக்கு நுழைவுச்சீட்டு விற்பதானால் உரிமை உள்ளவரிடம் எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும். இலவசமாக நடத்தினாலும் ஆசிரியரின் பெயரை அழைப்பிதழில் அச்சிடுவது நாம் காட்டவேண்டிய மரியாதை.

ஒத்திகையில்தான் நகைச்சுவை உருவாகிறது. முதல் வாரம் உட்கார்ந்து வாசிக்கும்போதே ஒவ்வொரு வசனத்திலும் சிரிப்பைத் தாங்கும் சொல் எது என்று பென்சிலால் கோடிடுங்கள். தமிழ் வாக்கியம் பொதுவாக வினையில் முடிவதால் அந்தச் சொல் நடுவில் புதைந்துபோகும். “அவர் என் மாமனாரைத்தான் திருடன் என்று பிடித்துக்கொடுத்தார்” என்பதை “அவர் திருடன் என்று பிடித்துக்கொடுத்தது என் மாமனாரை” என்று திருப்பிப் போட்டால், கடைசிச் சொல்லில் சிரிப்பு வெடிக்கும். அந்தச் சொல் வரும்போது மேடையில் வேறு யாரும் அசையக் கூடாது; கண்கள் அசைந்த இடத்துக்குப் போய்விட்டால் காது கேட்பதில்லை.

சிரிப்பு எழுந்து உச்சத்தைத் தொட்டுத் தணியத் தொடங்கும் நேரத்தில், முழு அமைதி வருவதற்கு முன்பே, அடுத்த வசனம் வர வேண்டும். அவசரப்பட்டால் வசனம் கேட்காது. தாமதித்தால் வேகம் குன்றிவிடும். காத்திருக்கும் நொடிகளிலும் நடிகர் பாத்திரமாகவே இருந்து, செய்தித்தாளை மடிப்பது, செருப்பைத் தேடுவது போன்ற ஏதாவது ஒரு காரியத்தைத் தொடர வேண்டும். ஆளில்லாத அறையில் இதைப் பழக முடியாது. அதனால் கடைசி வாரத்தில் கதை தெரியாத ஐந்தாறு பேரை அழைத்து உட்காரவையுங்கள். நடிகர் தம் பாத்திரத்தின் கஷ்டத்தை மனமார நம்பி நடிக்கட்டும். தாம் சொல்வது வேடிக்கை என்று முகத்தில் காட்டிவிட்டால் பார்வையாளர் அதன்பின் சிரிக்கமாட்டார்.

ஒருவருடைய நிறம், உடல், சாதி, திக்குவாய் ஆகியவற்றை வைத்து வரும் வசனங்களை நீக்கிவிடுங்கள். அரங்கில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவி கூனிக் குறுகினால், மற்ற இருநூறு பேர் சிரித்ததை வெற்றி என்று என்னால் ஏற்க முடியாது.

காட்சிகளை ஒரே இடத்தில் அமைத்தால், விளக்கை அணைத்துப் பொருட்களை மாற்ற வேண்டியிராது; அந்த இடைவெளியில் பார்வையாளர் கைப்பேசியை எடுப்பதும் நேராது. மேடைப் பொருட்கள் முதல் வாரத்திலிருந்தே நடிகர்களின் கையில் இருக்கட்டும். பக்கத்திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுப்பவர், முதல் காட்சியன்று எங்கே சிரிப்பு வந்தது, எதிர்பார்த்த இடத்தில் எங்கே வரவில்லை என்று பிரதியின் ஓரத்தில் குறித்துக்கொள்ளட்டும். மறுநாள் ஒத்திகையை அந்தக் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள்.