உங்கள் ஊரின் பழைய டோப்போஷீட்டைத் தேடிப் படிக்கும் முறை

ஓர் ஏரியின் பழைய பரப்பு எவ்வளவு, ஒரு வாய்க்கால் எந்த வழியாகச் சென்றது, இன்று குடியிருப்பாகிவிட்ட இடம் முன்பு புறம்போக்காக இருந்ததா காடாக இருந்ததா என்று தெரிந்துகொள்ள விரும்புவோருக்கு, இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட, நிலத்தின் மேடுபள்ளம், நீர்நிலை, ஊர், சாலை ஆகியவற்றைக் காட்டும் பழைய தலப்படங்களைப் போன்ற சான்று வேறில்லை. 1767-இல் தொடங்கிய அத்துறையின் படங்களை அளவையர்களும் புவியியல் மாணவர்களும் டோப்போஷீட் என்றே அழைக்கின்றனர். ஆனால் ஒரு தாளில் உள்ள எல்லாமே ஒரே ஆண்டில் அளக்கப்பட்டவை அல்ல. இதை மனத்தில் கொள்ளாமல் படிப்பவர், அச்சிட்ட ஆண்டில் ஏரி இருந்தது என்று எழுதிவிடுகிறார். அந்த ஏரியோ முப்பது ஆண்டுகளுக்கு முன் அளக்கப்பட்டதாக இருக்கலாம்.

முதலில் தாள் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். 1905-க்குப் பின் இந்தியா முழுவதற்கும் ஒரே சீரான வண்ணப்படத் தொகுப்பு திட்டமிடப்பட்டது. அதன் எண் முறை தெரிந்துவிட்டால் அட்டவணையைத் தேட வேண்டியதில்லை. அட்சரேகையில் 4 பாகையும் தீர்க்கரேகையில் 4 பாகையும் கொண்ட ஒவ்வொரு பெருங்கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. தமிழ்நாட்டின் பெரும்பகுதி 58-ஆம் எண்ணுக்குள் அடங்குகிறது; அது வடக்கே 8 முதல் 12 பாகை வரையும், கிழக்கே 76 முதல் 80 பாகை வரையும் உள்ள பரப்பு. அந்தப் பெருங்கட்டம் ஒரு பாகை அளவுள்ள 16 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஆங்கில எழுத்துகளில் முதல் பதினாறும் அவற்றுக்குப் பெயராக இடப்பட்டன. எழுத்துகள் வடமேற்கு மூலையில் தொடங்கி மேலிருந்து கீழாக இறங்குகின்றன. நான்கு எழுத்துகள் முடிந்ததும் அடுத்த நெடுவரிசையின் உச்சிக்குச் செல்கின்றன. இடமிருந்து வலமாக எண்ணுவதே இங்குப் பலர் செய்யும் பிழை. ஒவ்வொரு எழுத்துக் கட்டமும் 15 நிமிட அளவில் (60 நிமிடம் ஒரு பாகை) மீண்டும் 16 தாள்களாக, அதே இறங்கு வரிசையில், 1 முதல் 16 வரை எண்ணப்படுகிறது.

தஞ்சாவூரை எடுத்துக்கொள்வோம். அது வடக்கே 10 பாகை 47 நிமிடம், கிழக்கே 79 பாகை 8 நிமிடத்தில் உள்ளது. 79 பாகைக்குக் கிழக்கே உள்ளது கடைசி நெடுவரிசை. அதில் மேலிருந்து இரண்டாம் கட்டம் ‘என்’. அக்கட்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள முதல் தாளிலேயே ஊர் விழுவதால் தாள் எண் 58 என்/1. இதே கணக்கில் மதுரை 58 கே/1 ஆகும். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 அளவில் வந்த பழைய தாள்களும், மெட்ரிக் முறைக்கு மாறிய பின் 1:50,000 அளவில் வந்த தாள்களும் இந்த ஒரே எண்ணைப் பகிர்ந்துகொள்வதால், இரு காலத்துத் தாள்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். 2005-ஆம் ஆண்டின் தேசிய வரைபடக் கொள்கைக்குப் பின் வந்த பொதுவெளித் தொகுப்புக்கு மட்டும் எண் முறை வேறு.

இன்றைய தாள்களை நில அளவைத் துறையின் இணையதளத்தில் பெறலாம். பழையவற்றுக்கு ஆவணக்காப்பகங்களையும் பல்கலைக்கழகப் புவியியல் துறை நூலகங்களையும் நாட வேண்டும். அமெரிக்க இராணுவ வரைபடத் துறை 1950-களில் இந்தியத் தாள்களை அடிப்படையாகக் கொண்டு 1:2,50,000 அளவில் வெளியிட்ட தொகுப்பை டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு வட்டாரத்தை அறிய அது போதும்; ஒரு கண்மாயின் கரையை அறியப் போதாது.

தாள் கையில் கிடைத்ததும் படத்தின் ஓரத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். எந்தக் களப்பருவத்தில் அளந்தார்கள், எந்த ஆண்டு பதிப்பித்தார்கள், சாலைகளையும் இரயில் பாதைகளையும் எந்த ஆண்டு வரை திருத்தினார்கள் என்பவை தனித்தனியே அங்கு இருக்கும். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு ஆண்டுகளாக இருப்பது வழக்கம். சாலை புதியதாகவும், அதன் அருகிலுள்ள குளம் பழையதாகவும் ஒரே தாளில் இருப்பது இதனால்தான். உங்கள் குறிப்பேட்டில் அளந்த ஆண்டை எழுதுங்கள். அச்சிட்ட ஆண்டை அடைப்புக்குள் வையுங்கள்.

குறியீடுகளில் நீர்நிலைகளுக்கே அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஆண்டு முழுவதும் நீருள்ள ஆறும் குளமும் நீலத்தில் இருக்கும்; மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடை கருப்புக் கோடாக இருக்கும். எனவே நீலம் இல்லை என்பதற்காக நீர்நிலையே இல்லை என்று முடிவு செய்யக்கூடாது. நமது மானாவாரி ஏரிகள் பலவற்றில் கரைதான் அடையாளம். அந்தக் கரையை ஒட்டி ‘ஆர்’ என்ற சிறிய ஆங்கில எழுத்துடன் 8 அல்லது 12 என ஓர் எண் இருந்தால், அது கடல்மட்டத்திலிருந்து உயரம் அன்று. அக்கம்பக்கத் தரையிலிருந்து கரை எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்ற ஒப்புமை உயரம். பழைய தாள்களில் அது அடியில் இருக்கும், மெட்ரிக் தாள்களில் மீட்டரில் இருக்கும். அங்குலத் தாள்களில் சமஉயரக் கோடுகள் பொதுவாக 50 அடிக்கு ஒன்று என்பதால், காவிரிப் படுகை போன்ற சமவெளியில் கோடுகள் அரிதாகவே வரும். அங்கே தரையின் சாய்வை இத்தகைய சிறு எண்களும் புள்ளி உயரங்களுமே சொல்கின்றன. சிவப்பு குடியிருப்பையும் சாலையையும், மஞ்சள் சாகுபடி நிலத்தையும், பச்சை காட்டையும் குறிக்கும் என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இந்திய அட்லஸ் தாள்கள், ஓர் அங்குலத்துக்கு நான்கு மைல் அளவில் வந்தவை, கிடைத்தால் கூடுதல் கவனம் தேவை. அவற்றின் தீர்க்கரேகைகள் சென்னை வானாய்வகத்தின் அன்றைய மதிப்பான 80 பாகை 17 நிமிடம் 21 விநாடியை அடிப்படையாகக் கொண்டவை. பின்னர் அம்மதிப்பு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் கூடுதல் என்று தெரியவந்தது. நம் அட்சரேகையில் அது சுமார் நாலரை கிலோமீட்டர். ஓர் ஊரையே தாண்டிவிடும் தூரம். பின்னாளில் அச்சான தாள்களின் ஓரத்தில் இந்தத் திருத்தத்தைக் கழிக்கும்படி ஒரு குறிப்பு இருக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

தாளைக் கணினியில் இன்றைய படத்தின் மேல் பொருத்த க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். தாளின் நான்கு மூலைகளின் ஆயங்களையும் (அட்சரேகை, தீர்க்கரேகை மதிப்புகளை) உள்ளிடும்போது, அவை எவரெஸ்ட் கோளவுருவையும் (அந்தப் படங்கள் பூமிக்குக் கொண்ட வடிவம்) கலியான்பூர் ஆதாரத்தையும் (இட மதிப்புகளைக் கணக்கிடத் தொடங்கிய அடிப்படை) சேர்ந்தவை என்று தெரிவிக்க வேண்டும். அவற்றை நேரடியாக ஜிபிஎஸ் ஆயங்களாகக் கொண்டால் நூறு மீட்டருக்கும் மேல் விலகல் வரும். சிறு வாய்க்காலைத் தேடுபவருக்கு அது பெரிய பிழை. பிறகு இடம்பெயராத சில பொருள்களைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். சாலைச் சந்திப்புகள் நகரக்கூடியவை. ஆறுகளும் தடம் மாறக்கூடியவை. கோயில்கள் அவ்வாறல்ல. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு (முக்கோணக் கணக்குக்கு அடிப்படையாக நேரடியாக அளக்கும் கோடு) அளந்து முக்கோண அளவையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், குன்றில்லாத காவிரிச் சமவெளியில் தென்னைகளுக்கு மேலே பார்வை கிடைக்கக் கோபுரங்களையே அளவை நிலையங்களாகக் கொண்டார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை ஏற்றியபோது அது சுவரில் மோதிச் சிதைந்ததும் இப்பணியில்தான். அன்று அந்தக் கோபுரங்கள் எதற்கு உதவினவோ, உங்கள் திரையிலும் அதற்கே உதவும். மூலைகளைப் பொருத்திய பின் இரண்டு மூன்று பெருங்கோயில்கள் சரியாக விழுகின்றனவா என்று பாருங்கள்; விழாவிட்டால் ஆதாரத் தேர்வையே முதலில் சந்தேகியுங்கள்.

டோப்போஷீட் நில உரிமை எல்லைகளைக் காட்டாது. ஆக்கிரமிப்பு குறித்து மனு எழுதுபவர்கள், தாளில் கண்ட நீர்நிலையை வருவாய்த் துறையின் கிராம வரைபடம், புலப்படம் (ஒரு சர்வே எண்ணின் அளவைப் படம்), ‘அ’ பதிவேடு (கிராமத்தின் நிலப் பதிவேடு) ஆகியவற்றுடன் சேர்த்தே வைக்க வேண்டும். பழைய கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்கு 16 அங்குலம் என்ற பெரிய அளவில் வரையப்பட்டவை என்பதால், டோப்போஷீட்டில் விரல்நுனி அளவே தெரியும் குளம் அதில் சர்வே எண்ணோடு தெரியும். அந்த எண்ணை மனுவில் எழுதி, தாள் எண்ணையும் அளந்த ஆண்டையும் அதனுடன் குறிப்பிடுங்கள்.