உளவியல் மாணவர்கள் புள்ளியியலில் சறுக்கும் இடங்கள்

புள்ளியியல் தாள் என்றதும் உளவியல் மாணவர்கள் பலருக்குக் கணக்கு பயம் வந்துவிடுகிறது. உண்மையில் அறிமுகப் பாடத்தில் கூட்டல், வர்க்கம், வர்க்கமூலம் தாண்டிப் பெரிய கணிதம் கிடையாது. அதையும் எஸ்பிஎஸ்எஸ், ஜாஸ்ப், ஆர் போன்ற மென்பொருள்கள் பார்த்துக்கொள்கின்றன. தவறு நடப்பது கணக்குக்கு முன்னும் பின்னும்தான். இந்த எண் யாருடையது, எப்படி அளந்தது, ஒரே ஆளிடம் எத்தனை முறை எடுத்தது என்று கேட்காமல் சோதனையை ஓட்டிவிடுகிறார்கள்; வந்த விடைக்கு அதில் இல்லாத பொருளைக் கொடுக்கிறார்கள். மென்பொருள் எதையும் தடுக்காது. பாலினத்துக்கு 1, 2 என்று குறியீடு கொடுத்துச் சராசரி கேட்டாலும் 1.46 என்று கூச்சமில்லாமல் சொல்லும்.

தரவைப் பார்க்காமல் சோதனைக்குத் தாவுவது

1965-இல் வெளியான ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவையில் 10 கூற்றுகள்; அவற்றில் 5 எதிர்மறையாக எழுதப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் என்று வைத்துக்கொள்வோம். சுயமதிப்பு உச்சத்தில் உள்ளவர் நேர்மறைக் கூற்றுகளுக்கு 4-உம் எதிர்மறைக்கு 1-உம் போடுவார். அப்படியே கூட்டினால் 20 + 5 = 25. சுயமதிப்பு அடிமட்டத்தில் உள்ளவர் நேர்மறைக்கு 1, எதிர்மறைக்கு 4 போடுவார்: 5 + 20, அதுவும் 25! இரு துருவங்களும் ஒரே எண்ணில் வந்து நிற்கின்றன. எதிர்மறைக் கூற்றுகளைத் திருப்பிவிட்டுக் கூட்டினால்தான் முறையே 40, 10 என்று கிடைக்கும். திருப்பும் வழி எளிது: அளவையின் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் கூட்டி, அதிலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். 1–4 அளவையில் 5-இலிருந்து. 0–3 அளவையில் 3-இலிருந்து. கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா மிகக் குறைவாகவோ எதிர்மறையாகவோ வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

பதில் அளிக்காதவர்களுக்கு 99 என்று போட்டுவிட்டு, அது விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளுக்குச் சொல்ல மறப்பது இன்னொன்று. 1–5 அளவையில் 19 பேரின் சராசரி 3; இருபதாவது ஆளுக்கு 99. மொத்தச் சராசரி 7.8 ஆகிவிடும். இவ்வளவு அப்பட்டமாக இருந்தால் கண்ணில் பட்டுவிடும். 300 பேர் உள்ள தரவில் ஓரிரண்டு 99 ஒளிந்திருந்தால் படாது. அதனால் எந்தச் சோதனைக்கும் முன் ஒவ்வொரு மாறிக்கும் எண்ணிக்கை, சிறுமம், பெருமம் மூன்றையும் எடுத்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கூடவே வரைபடமும் வேண்டும். எதிர்வினை நேரம் 320, 340, 350, 360, 1630 மில்லிநொடி என்றால் சராசரி 600. ஐந்தில் ஒரு முயற்சிகூட 600-க்குப் பக்கத்தில் இல்லை; வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவான 350-தான் அந்த ஆளைக் காட்டுகிறது. இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று அளக்கும் ஒட்டுறவிலும் இதே கதை. புள்ளியியலாளர் ஆன்ஸ்கோம் 1973-இல் வெளியிட்ட நான்கு தரவுத் தொகுதிகளிலும் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816. வரைந்து பார்த்தால் ஒன்று நேர்க்கோட்டை ஒட்டியது, ஒன்று வளைவு, மற்ற இரண்டையும் ஒற்றைப் புள்ளி திசை திருப்பியிருக்கிறது.

திட்ட விலக்கமும் திட்டப் பிழையும்

இரண்டையும் மாற்றி எழுதாத வகுப்பே இருக்காது. 4, 6, 7, 8, 10 என்ற ஐந்து மதிப்பெண்களைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். சராசரி 7. விலகல்கள் −3, −1, 0, 1, 3. வர்க்கங்களின் கூட்டல் 20. இவை ஒரு பெரிய தொகுதியிலிருந்து எடுத்த மாதிரி என்பதால் 5-ஆல் அல்ல, 4-ஆல் வகுக்க வேண்டும். மாதிரியின் சொந்தச் சராசரியிலிருந்தே விலகலை அளக்கிறோம். அது அந்த எண்களுக்கு நடுவிலேயே அமைவதால் விலகல்கள் சிறிதாகத் தெரியும், அதை ஈடுகட்டத்தான் ஒன்றைக் குறைப்பது. அப்படிக் கிடைக்கும் பரவற்படி 5, அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம் 2.24. அதை ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலமான √5-ஆல் வகுத்தால் திட்டப் பிழை சரியாக 1.

ஆட்கள் ஒருவருக்கொருவர் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பது 2.24. இதே போன்ற மாதிரியைத் திரும்பத் திரும்ப எடுத்தால் சராசரி எவ்வளவு ஆடும் என்பது 1. ஆட்களைச் சேர்க்கச் சேர்க்கத் திட்டப் பிழை சுருங்கும். திட்ட விலக்கம் அப்படிச் சுருங்காது, மனிதர்கள் வேறுபட்டவர்கள்தானே. வரைபடத்தில் பிழைக்கோடு போட்டால் இரண்டில் எது என்று கீழே எழுதிவிடுங்கள்.

ஒரே ஆளை இரண்டு ஆளாக எண்ணுவது

தேர்வில் மதிப்பெண்ணை அதிகம் தின்னும் தவறு இதுதான் என்று சொல்லலாம். பயிற்சிக்கு முன் ஐந்து பேரின் பதற்ற மதிப்பெண்: 12, 20, 31, 16, 26. பயிற்சிக்குப் பின், அதே வரிசையில்: 10, 17, 29, 13, 24. சராசரி 21-இலிருந்து 18.6-க்கு இறங்கியிருக்கிறது.

இவற்றை இரு தனித்தனிக் குழுக்களாக எண்ணி, இரு சராசரிகளை ஒப்பிடும் சார்பற்ற டி-சோதனை போட்டால் டி (சராசரி வேறுபாட்டை அதன் திட்டப் பிழையால் வகுத்தது) = 0.49, வரையற்ற பாகை (சுதந்திரமாக மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 8. முக்கியத்துவம் இல்லை, அதாவது தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று முடித்துவிடுவீர்கள். ஒரே ஆளின் இரு மதிப்பெண்களை இணைத்துப் பார்க்கும் இணை டி-சோதனையில் ஒவ்வொருவரின் இறக்கம் 2, 3, 2, 3, 2. சராசரி 2.4, அதன் திட்டப் பிழை 0.245; டி = 9.80, வரையற்ற பாகை 4. எண்கள் அதேதான். முதல் கணக்கில் 12-க்கும் 31-க்கும் இடையே உள்ள ஆளுக்கு ஆள் வேறுபாடு வகுக்கும் எண்ணில் போய் உட்கார்ந்து, சின்ன மாற்றத்தை விழுங்கிவிட்டது. இரண்டாவதில் ஒவ்வொருவரும் தம்மோடுதான் ஒப்பிடப்படுகிறார்கள். தரவுத்தாளில் ஒரு ஆளுக்கு ஒரு வரி, முன் ஒரு நெடுவரிசை, பின் ஒரு நெடுவரிசை என்று பதிந்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் எழாது.

மூன்று குழுக்கள் இருந்தால் மூன்று டி-சோதனை போடாதீர்கள். பல குழுக்களின் சராசரிகளை ஒரே சோதனையில் ஒப்பிடும் அனோவா போட்டு, பிறகு இணை இணையாகப் பாருங்கள். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை 0.05 அளவில் (பி-மதிப்பு அதற்குக் கீழ் வந்தால் 'முக்கியம்' என்று கொண்டு) ஓட்டினால், எங்குமே வேறுபாடு இல்லாவிட்டாலும் குறைந்தது ஒன்றாவது 'முக்கியம்' என்று வர 64 சதவீத வாய்ப்பு உண்டு.

பி-மதிப்பு

பி = 0.03 என்றால் 'இன்மைக் கருதுகோள் (வேறுபாடே இல்லை என்பது) சரியாக இருக்க 3 சதவீத வாய்ப்பு' என்று எழுதுவது ஊறிப்போன பழக்கம். பி சொல்வது வேறு: வேறுபாடே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு மாதிரியில் கிடைக்க 3 சதவீத வாய்ப்பு. இன்மைக் கருதுகோளை உண்மை என்று கொண்டு தொடங்கிய கணக்கு, அது உண்மையா என்பதற்கான வாய்ப்பைத் தர முடியாது. அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் வெளியிட்ட அறிக்கையின் ஆறு கொள்கைகளில் ஒன்று இதையே சொல்கிறது.

பி 0.05-ஐத் தாண்டினால் 'வேறுபாடு இல்லை' என்று நிறுவியதாகவும் ஆகாது. விளைவளவு கோஹன் டி (சராசரி வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்தது) 0.5, அதாவது நடுத்தரம் என்று கொள்வோம். குழுவுக்கு 20 பேர் என்றால் அதைக் கண்டுபிடிக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். 80 சதவீதம் வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர் தேவை. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் தரவு திரட்டுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம். திரட்டிய பிறகு பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

அறிக்கை எழுதும்போது எஸ்பிஎஸ்எஸ் காட்டும் .000-ஐ அப்படியே நகலெடுக்காதீர்கள். பி சுழியாக இருக்காது. பி < 0.001 என்று எழுத வேண்டும். பி மட்டும் போதாது, வேறுபாடும், உண்மையான வேறுபாடு எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் நம்பிக்கை இடைவெளியும் சேர வேண்டும். மேலே உள்ள பதற்றத் தரவுக்கு: சராசரி இறக்கம் 2.4, 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.72 முதல் 3.08 வரை, டி(4) = 9.80 (அடைப்பில் இருப்பது வரையற்ற பாகை), பி < 0.001. அதற்கு அடுத்த வரியில் 'பயிற்சி பதற்றத்தைக் குறைத்தது' என்று எழுதக் கை துறுதுறுக்கும். கட்டுப்பாட்டுக் குழு (பயிற்சி பெறாத ஒப்பீட்டுக் குழு) இல்லாத ஆய்வில் அப்படி எழுத முடியாது. பயிற்சி இல்லாமலே நாளாக ஆக இறங்கியிருக்கலாம், இரண்டாம் முறை கேள்விகள் பழகிப்போனதாலும் இறங்கியிருக்கலாம். 'பயிற்சிக்குப் பின் மதிப்பெண் குறைவாக இருந்தது' என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.