பெரிய ஆளைச் சின்ன டீமில் இறக்கலாமா? சிறுவர் கால்பந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் சிறுவர் செவன்ஸ் போட்டிக்கு, அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துக்கு, நோட்டீஸ் ஒட்டிவிடுவார்கள். அண்டர் 12, அண்டர் 14. நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு, சுழற்கோப்பை இன்னார் நினைவாக. கால் இறுதி வருவதற்குள் தகராறும் வந்துவிடும். "அந்த ஒன்பதாம் நம்பர் ஜில்லா டீம் பையன்ல, அவன் எப்படி இவங்க பி டீம்ல ஆடுறான்?" என்று ஒருவர் கேட்பார். "வயசு சரியா இருக்குல்லண்ணே, அப்புறம் என்ன?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் வரும். கேட்கிற நமக்கு இரண்டுமே சரி போலத்தான் இருக்கும்.

பிள்ளைகளுக்குப் பந்து பழக்குகிற வேலையில் இருக்கிறேன். இந்தத் தகராறு கிட்டத்தட்ட எல்லாப் போட்டியிலும் காதில் விழுகிறது. நன்றாக ஆடுகிற பையன் கீழ்மட்ட அணியில் இறங்குவதையே நான் தப்பு என்று சொல்லமாட்டேன். எதற்காக இறங்குகிறான், அவன் இறங்குவதால் எந்தப் பிள்ளை வெளியே உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். இந்த இரண்டையும் கேட்காமல் முடிவெடுப்பதால்தான் கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் நடக்கின்றன.

மூன்று விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புவது

மைதானத்தில் "பெரிய பையன்" என்று கை நீட்டும்போது நாம் மூன்று வெவ்வேறு ஆட்களைச் சொல்கிறோம். முதலாமவன் வயதை மறைத்து ஆடுபவன். சான்றிதழில் 14, நிஜத்தில் 16. இது ஏமாற்று வேலை, இதில் விவாதிக்க எதுவும் இல்லை. இரண்டாமவனுக்கு வயது சரியாகவே இருக்கும். ஆனால் மேல்மட்ட அணியில் ஆடிப் பழகியவன், இன்றைக்கு மட்டும் கீழ்மட்ட அணியில் நிற்கிறான். மூன்றாமவன் அதே அணி, அதே வயது, சீக்கிரம் வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான்.

இதில் அதிகம் அடி வாங்குவது மூன்றாமவன். பதின்மூன்று வயதில் மீசை அரும்பி, குரல் உடைந்து, மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக நிற்பான். கோட்டுக்கு வெளியே இருந்து "டேய் காலேஜ்" என்று கத்துவார்கள். ஆண் பிள்ளைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுவது சராசரியாக 14 வயதை ஒட்டி. பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டி. சராசரி என்றால் ஓரிரு வருஷம் முன்னும் பின்னும் உண்டு. ஒரே பெஞ்சில் உட்காரும் இரண்டு பையன்களில் ஒருவன் முக்கால் ஆளாகவும், இன்னொருவன் இன்னும் குழந்தையாகவும் இருப்பது இயற்கைதான். போதாததற்குப் பிறந்த மாதக் கணக்கு வேறு. ஜனவரி 1ஐ வைத்துப் பிரிவு பிரித்தால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் வருவார்கள், நடுவில் கிட்டத்தட்ட ஒரு வருஷ வளர்ச்சி. கனடாவின் ஐஸ் ஹாக்கியில் தேர்வாகிறவர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1980களில் கண்டார்கள். பிறகு பல நாடுகளின் இளையோர் கால்பந்திலும் அதே கதை தெரிய வந்தது.

உயரத்தைப் பார்த்து வயதைச் சொல்ல மருத்துவருக்கே முடியாது. அதனால்தான் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இளையோர் போட்டிகளில் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியைக் கணக்கிடும் டிடபிள்யூ3 என்ற முறையைப் பயன்படுத்துகிறது. ஃபிஃபா தன் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் 2009 முதல் மணிக்கட்டை எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கிறது. நம் ஊர்ப் போட்டியில் இதெல்லாம் நடக்காது. பிறப்புச் சான்றிதழ், பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தும் போட்டோவும் உள்ள சான்று, டாஸ் போடும் முன் அந்தப் போட்டோவையும் ஆளையும் ஒருமுறை பார்ப்பது, இவ்வளவு செய்தாலே போதும். சந்தேகம் இருந்தால் கமிட்டியிடம் சொல்லுங்கள். பையனிடம் கத்தாதீர்கள். பதின்மூன்று வயதில் தன் உடம்பைப் பற்றி நூறு பேர் முன்னால் கேட்ட சொல் சீக்கிரம் மறக்காது.

"ரூல்ல இடம் இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வது

பள்ளிப் போட்டிகளில் 14, 17, 19 என்று பிரிவு உண்டு. அவை மேல் வரம்புகள் மட்டுமே. ஒரு பையன் இந்த வருஷம் எந்தத் தரத்தில் ஆடினான் என்பதை அவை கேட்பதில்லை. ஆகவே வயது சரியாக இருக்கும் ஜில்லா ஆட்டக்காரனை, நேற்றுப் பந்து பழக ஆரம்பித்த பிள்ளைகளோடு நிறுத்தினாலும் வயது விதி உடையாது. உடைவது வேறு.

இதை விளக்க வெளியூர் உதாரணம் தேவையில்லை. பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து மாட்டு வண்டிப் பந்தயம் விடுகிற மண் இது. பெரிய மாட்டைக் கொண்டுவந்து சின்ன மாட்டு வண்டியில் பூட்டினால் ரோட்டோரம் நிற்கிற கூட்டம் சும்மா விடாது. மாட்டுக்குப் பார்க்கிற நியாயத்தைப் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டாமா?

அமெரிக்காவில் பல இளையோர் லீக்குகளில் ஒரே கிளப்பின் ஓர் அணியிலிருந்து இன்னோர் அணிக்கு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கிளப் பாஸ் என்பார்கள். ஆள் குறைந்தால் ஆட்டம் நின்றுபோகாமல் இருப்பதும், வளர்ந்து வரும் பிள்ளை மேல்மட்ட ஆட்டத்தை ருசி பார்ப்பதும் அதன் நோக்கம். மேலிருந்து கீழே ஆளை இறக்கி ஜெயிப்பதற்கும் அதையே பயன்படுத்துகிறார்கள் என்ற புகார் அங்கேயும் ஓயவில்லை. அதனால் ஒரு ஆட்டத்தில் எத்தனை பேர், எந்தக் கட்டம் வரைக்கும் என்று வரம்பு வைக்கும் லீக்குகள் உண்டு. நம் கமிட்டிகளும் நோட்டீஸிலேயே நாலு வரி சேர்த்துவிடலாம். பன்னிரண்டு பேர் பட்டியலை ஒரு வாரம் முன்னாடியே வாங்கி மூடிவிடுவது. முதல் சுற்று முடிந்த பிறகு புதுப் பெயர் சேர்க்க முடியாது என்று போடுவது. ஒரு பையன் ஒரே அணிக்குத்தான் என்பது. இந்த வருஷம் ஜில்லா அணியில் ஆடியவர்கள் பட்டியலில் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்பது. இதற்குக் காசு செலவில்லை. காரைக்குடியில் உடற்கல்வியியல் கல்லூரியே இருக்கிறது. நடுவராகப் பழக நினைக்கும் மாணவர்களை அழைத்தால் பட்டியல் சரிபார்ப்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள்.

ஃபைனலுக்கு மட்டும் ஆளை இறக்குவது

எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். லீக் ஆட்டம் மூன்றிலும் ஆடியவன் ஒரு பையன். வெயிலில் ஓடி, சரளை மண்ணில் விழுந்து முட்டி சிராய்ந்து, அரை இறுதியில் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பந்தைத் தடுத்து அணியைக் காப்பாற்றியவன். ஃபைனல் அன்று காலை புதிதாக ஒருவன் பைக்கில் வந்து இறங்குவான். நல்ல ஷூ, நல்ல கால். கோச் இவனிடம் ஜெர்சியைக் கழற்றச் சொல்லி அவனிடம் கொடுப்பார். அதற்குப் பிறகு அந்தப் பையன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் பந்து மேல்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். செவன்ஸில் இருபது நிமிடம் இரண்டு பாதி என்றால் ஓர் அணிக்கு மொத்தம் 7 பேர் பெருக்கல் 40 நிமிடம், 280 நிமிடம். இதுதான் அன்றைக்கு அந்த அணியின் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற முழுச் சொத்து. வெளியிலிருந்து வந்தவன் முழு ஆட்டமும் நின்றால் 40 நிமிடம் போயிற்று. அது எல்லோரிடமிருந்தும் சமமாகக் குறையாது. ஏற்கெனவே குறைவாக ஆடுகிற ஒருவன், இரண்டு பேரிடமிருந்துதான் போகும். அவர்களுக்குத்தான் அந்த நிமிடங்கள் அதிகம் தேவை.

"சார், எம் பிள்ளை அடுத்த மேட்சாவது எறங்குவானா?" என்று அம்மா வந்து நிற்பார். "பாப்போம்மா" என்று கோச் நழுவுவார். இந்தப் 'பாப்போம்' வேண்டாம். வெளி ஆள் வருகிறான் என்றால் முந்தின நாளே அணியைக் கூட்டி, ஏன் வருகிறான், எவ்வளவு நேரம் ஆடுவான், யாருடைய இடத்தில் என்று பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிட வேண்டும். சொல்ல வாய் வரவில்லை என்றால் அந்த ஏற்பாட்டிலேயே கோளாறு இருக்கிறது. இளையோர் ஆட்டத்தில் வெளியே போனவர் மறுபடி உள்ளே வருவதைக் கால்பந்துச் சட்டமே அனுமதிக்கிறது. போட்டி விதியில் அதை எழுதி வைத்தால் போதும். ஆகவே பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் பாதி ஆட்டமாவது தருவது கஷ்டமே இல்லை, மனசு வேண்டும்.

நன்றாக ஆடுபவனுக்கு இதனால் நஷ்டமில்லை என்று நினைப்பது

அவனுக்குத்தான் மெதுவாக விஷம் ஏறுகிறது. கீழ்மட்ட ஆட்டத்தில் எல்லாப் பந்தும் அவன் காலுக்கு வரும். மூன்று பேரை வெட்டிப் போவான், நாலாவது ஆள் பயந்து விலகுவான், கோல். தலையைத் தூக்கி யார் காலியாக நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டிய அவசியமே வராது. முதல் தொடுதலில் பந்து ஒரு அடி தள்ளிப் போனாலும் ஓடிப் பிடித்துவிடுவான். அடுத்த மாதம் தன் நிகர் ஆட்களோடு மாவட்டத் தேர்வுக்குப் போனால், தள்ளிப்போன அந்த ஒரு அடியிலேயே பந்து பறிபோயிருக்கும். என்ன நடந்தது என்று அவனுக்கே புரியாது.

அப்படியானால் எப்போதுமே இறக்கக் கூடாதா? இறக்கலாம், காரணம் நேர்மையாக இருந்தால். கணுக்கால் பிசகி ஒன்றரை மாதம் படுத்தவன் மறுபடி ஆட்டத்துக்குப் பழக வேண்டும். மேல் அணியில் பெஞ்சிலேயே உட்கார்ந்து உற்சாகம் இழந்தவனுக்குக் கொஞ்ச நேரம் ஆட வேண்டும். கோல்கீப்பர் காய்ச்சலில் வரவில்லை. பெண் பிள்ளைகள் அணியில் ஏழு பேர் சேர்வதே பெரும்பாடு, அங்கே பெரியவள் ஒருத்தி சேர்ந்தால்தான் ஆட்டமே நடக்கும். இவற்றில் எதையும் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் இறக்குகிற விதம் முக்கியம். ஸ்ட்ரைக்கராக நிறுத்தாமல் பின்வரிசையில் அல்லது நடுவில் நிறுத்துங்கள். கோல் அடிக்கிற வேலை அந்த அணியின் சொந்தப் பிள்ளைகளுடையது. இரண்டு தொடுதலுக்கு மேல் பந்தை வைத்துக்கொள்ளாதே என்று அவனுக்குத் தனி விதி போடுங்கள். அவனுக்கும் அது நல்ல பயிற்சி. கேப்டன் பட்டையை அவன் கையில் கட்டாதீர்கள். பாதி ஆட்டம் போதும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, எனக்குப் பிடித்தது. சீக்கிரம் வளர்ந்தவனை மேல் வயதுப் பிரிவில் ஆடவிடுங்கள். இங்கிலாந்தின் கிளப் அகாடமிகளில் வயதை விட்டுவிட்டு, வளர்ந்து முடிந்தபின் எட்டப்போகும் உயரத்தில் இப்போது எத்தனை சதவீதம் எட்டியிருக்கிறார்கள் என்று கணக்கிட்டு, ஒத்தவர்களைச் சேர்த்து ஆடவிட்டுப் பார்க்கிறார்கள். பெரிய உடம்புக்காரன் அங்கே தள்ளி முட்டி ஜெயிக்க முடியாமல் மூளையால் ஆடக் கற்கிறான். சின்ன உடம்புக்காரனுக்குத் தன் கால் வித்தையைக் காட்ட இடம் கிடைக்கிறது. நாம் பயிற்சி நாட்களிலாவது அந்த மாதிரி குழு பிரிக்கலாம். தினமும் வேண்டாம், வாரம் ஒரு நாள்.

ஸ்கோர் ஏறிக்கொண்டே போகும்போது சும்மா நிற்பது

நாலு பூஜ்யம் ஆனதும் முடிவு தெரிந்துவிட்டது. அதற்குமேல் ஐந்து, ஆறு, பத்து என்று ஏற்றுவதில் ஜெயிக்கிற பிள்ளைகளும் எதையும் கற்பதில்லை. இங்கிலாந்தில் குட்டிப் பிள்ளைகள் ஆட்டத்தில், நாலு கோல் பின்தங்கிய அணி கூடுதலாக ஓர் ஆளை இறக்கிக்கொள்ளலாம் என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் குறைந்ததும் அவன் வெளியே வந்துவிட வேண்டும். அண்டர் 12 போட்டியில் இதை நாமும் வைக்கலாம். வைக்காவிட்டாலும், நாலு கோல் வித்தியாசம் வந்ததும் அந்தப் பெரிய ஆட்டக்காரனை வெளியே எடுப்பது கோச் கையில்தான் இருக்கிறது. அடிபடுகிற ஆபத்தையும் யோசியுங்கள். பதினாறு வயது உடம்போடு ஓங்கி அடித்த பந்து பத்து வயசு கோல்கீப்பரின் முகத்துக்கு நேராக வரும்.

தோற்ற பிறகு ப்ரொடெஸ்ட் கொடுப்பது

ஆட்சேபம் இருந்தால் விசில் ஊதும் முன் எழுதிக் கொடுங்கள். இடைவேளை வரை ஜெயித்துக்கொண்டிருந்ததால் பேசாமல் இருந்துவிட்டு, தோற்றதும் "அவன் ஏ டீம் பையன்" என்று கிளம்பினால் கமிட்டி உங்களை மதிக்காது, உங்கள் பிள்ளைகளும் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள்.

ரொக்கப் பரிசு

கடைசியாக, போட்டி நடத்துகிறவர்களுக்கும் உபயதாரர்களுக்கும். பைக்கில் ஆளை ஏற்றி வரச் செய்வது பெரும்பாலும் பரிசுப் பணம்தான். அண்டர் 14 வரை ரொக்கம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நினைவுச் சுழற்கோப்பையில் பெரியவர் பெயர் இருக்கட்டும், அந்த மரியாதை குறையாது. பணத்தைப் பிரித்துப் பந்து வாங்கிக் கொடுங்கள். அண்டர் 12 அணிக்கு நாலாம் நம்பர் பந்து, அண்டர் 14க்கு அஞ்சாம் நம்பர். ஜெயித்தவர், தோற்றவர் என்று பார்க்காமல் வந்த அணிக்கெல்லாம் ஒன்று. மீதி இருந்தால் கோல்கீப்பர் கையுறை. பரிசு இதுதான் என்று நோட்டீஸிலேயே பெரிய எழுத்தில் போட்டுவிடுங்கள். ஆள் பிடிக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு வேறு போட்டி தேடிக்கொள்வார்கள்.