செட்டிநாட்டு வீட்டில் சோலார்: வெந்நீரும் மின்சாரமும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளுக்குச் சோலார் அளவெடுக்க வருகிறவர்கள் வீட்டைப் பார்த்ததுமே மலைத்துப் போகிறார்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. உடனே 5 கிலோவாட் பேனல், 500 லிட்டர் வெந்நீர் ஹீட்டர் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் தினமும் இருப்பது பெரும்பாலும் வயதான இரண்டு பேரும் வேலைக்கு வருகிற ஒருவரும்தான். கல்யாணம், படைப்பு, சாந்தி என்று ஐம்பது பேர் கூடுகிற நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அன்றைக்கு அண்டாவும் விறகடுப்பும் கொல்லையில் இருக்கவே இருக்கின்றன. தினமும் எத்தனை பேர் வெந்நீரில் குளிக்கிறார்கள், இரண்டு மாத ஈ.பி. பில்லில் எத்தனை யூனிட் ஓடுகிறது என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

ஆளுக்கு 25 லிட்டர் சுடுநீர், பச்சைத் தண்ணீர் விளாவிக் குளிக்கத் தாராளம். ஆக நான்கு பேர் வரை 100 லிட்டர் ஹீட்டர் போதும். மின்சாரத்துக்கு, 1 கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியில் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். பில்லை இதோடு ஒப்பிட்டால் தேவை தெரிந்துவிடும். ஏ.சி. இல்லாத இரண்டு பேர் வீட்டுக்கு 3 கிலோவாட் பெரும்பாலும் அதிகம்.

பேனல் போட்டு அதிலேயே கீசரை ஓட்டிக்கொள்ளலாமே என்று பலரும் கேட்கிறார்கள். 100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 3.8 யூனிட் வேண்டும். அதாவது 1 கிலோவாட் பேனலின் ஒரு நாள் உற்பத்தி முழுவதும் குளியலறைக்கே போய்விடும். பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. சோலார் ஹீட்டரின் வெந்நீர்த் தகடோ பாதி வெயிலைச் சூடாகவே பிடித்துக்கொள்கிறது. அந்த 1 கிலோவாட்டுக்கு 5 சதுர மீட்டர் பேனல் தேவை. அதே வேலையை 2 சதுர மீட்டர் தகடு செய்துவிடும். சூட்டைச் சூடாகவே எடுங்கள், மின்சாரத்தை ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வெந்நீர்

இதில் இரண்டு வகை உண்டு. பிளாட் பிளேட் என்பது கறுப்புப் பூச்சுப் பூசிய செம்புத் தகடு; அதில் விரல் பருமனுள்ள செம்புக் குழாய்கள் ஓடும்; மேலே கெட்டிக் கண்ணாடி, கீழே சூடு இறங்காமல் காக்கும் பஞ்சு. மற்றது வேக்குவம் குழாய். இரட்டைக் கண்ணாடிச் சுவர், நடுவில் காற்றே இல்லாத இடைவெளி, உள்சுவரில் வெயிலை விழுங்கும் பூச்சு. இரண்டுக்குமே மோட்டார் வேண்டாம். சூடான தண்ணீர் இலேசாகி மேலே தொட்டிக்கு ஏறும், குளிர்ந்தது தானே கீழே இறங்கும்.

நம் ஊர் போர் தண்ணீருக்கு எது சரி என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி. 60 டிகிரியை நெருங்கும்போது கடினத் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு வேகமாகப் பிரிந்து குழாய்ச் சுவரில் ஒட்டும். பிளாட் பிளேட்டின் ஒல்லிக் குழாய்களில் இப்படிப் படிந்தால் ஓட்டம் குறையும். வெயில் கொளுத்தும், தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாகவே வரும். தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள். கடினத்தன்மை 200 பி.பி.எம். (லிட்டருக்கு 200 மில்லிகிராம்) தாண்டினால் வேக்குவம் குழாய் வாங்குங்கள். பிளாட் பிளேட்தான் வேண்டும் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்ததாகக் கேளுங்கள். அதில் தகட்டுக்குள் ஓடும் நல்ல தண்ணீர் தனி, நீங்கள் குளிக்கும் தண்ணீர் தனி.

உப்பு தொட்டியையும் விடாது. குளோரைடு மிகுந்த தண்ணீரில் 304 ரக எவர்சில்வர் ஊசி குத்தியதுபோலப் பொத்துக்கொள்ளும். காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்கிற உலோக அரிப்பில் இதுவும் ஒரு வகை. 316எல் ரகமோ உள்ளே கிளாஸ் பூச்சுள்ள தொட்டியோ கேட்டு வாங்குங்கள். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீசியம் ராட் அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொண்டு கரைகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் புதிது மாட்டவும்.

பொருத்தும்போது உயரம் பிசகக் கூடாது. பிளாட் பிளேட்டின் மேல் விளிம்பிலிருந்து வெந்நீர்த் தொட்டியின் அடி குறைந்தது 30 செ.மீ. மேலே இருக்கட்டும். இல்லையென்றால் இரவில் தண்ணீர் எதிர்த்திசையில் ஓடி, பிடித்த சூட்டை வானத்துக்கே விட்டுவிடும். இரண்டையும் இணைக்கும் பைப் முழுக்க மேல்நோக்கியே ஏற வேண்டும். ஓரிடத்தில் தொய்ந்தாலும் காற்று அடைத்துக்கொள்ளும். பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடி, வெந்நீர்த் தொட்டியின் தலைக்கு ஓரடியாவது மேலே இருப்பது நல்லது. ஆவியும் காற்றும் போய்வரும் வென்ட் பைப் அந்தப் பச்சைத் தண்ணீர் மட்டத்தையும் தாண்டி நிற்கட்டும். குளவி கூடு கட்டுகிறது என்று அதற்கு மூடி போட்டு அடைத்துவிடாதீர்கள். ஆவி போக வழியில்லாமல் தொட்டி உப்பும், தண்ணீர் இறங்கும்போது காற்று நுழைய வழியில்லாமல் ஒடுங்கும்.

சாய்வு 25 டிகிரி, முகம் தெற்கு. நமக்கு வெந்நீர் வேண்டியது மார்கழியில்; அப்போது நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 57 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை நாட்களுக்கு மட்டும் தொட்டியில் 2 கிலோவாட் மின்சாரக் காயில் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு டைமர் கட்டாயம். நாள் முழுக்க சுவிட்சைப் போட்டு வைத்தால் வெயிலுக்கு வேலையே இல்லாமல் போகும்.

நீண்ட வீட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. முக்கால் இஞ்ச் சி.பி.வி.சி. பைப்பில் மீட்டருக்குக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். முகப்பு மாடியில் ஹீட்டர், 40 மீட்டர் தள்ளிப் பின்கட்டில் குளியலறை என்றால், குழாயைத் திறந்ததும் 10 லிட்டர் ஆறிய தண்ணீர் வந்த பிறகே சூடு வரும். ஹீட்டரைக் குளியலறைக்கு மேலேயோ பக்கத்திலேயோ வையுங்கள். பைப்புக்கு நுரை உறை போடுங்கள். சாதாரண பி.வி.சி. பைப் இந்தச் சூட்டில் இளகிவிடும், அது வேண்டாம்.

மின்சாரம்

பேனலை எங்கே வைப்பது என்பதை அவசரப்படாமல் முடிவு செய்ய வேண்டும். நாட்டு ஓடு அடுக்கிய கூரையில் ஆணி, போல்ட் எதுவும் இறக்கக் கூடாது. முற்றத்தை நோக்கி மழைநீரை இறக்கும் அந்த ஓட்டு வரிசையில் ஒன்று நகர்ந்தாலும் கீழே தேக்கு நனையும். சுண்ணாம்பும் செங்கல்லும் மர உத்திரத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் பழைய மொட்டை மாடியிலும் துளை போட வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் ஒரு பெரிய சுவரிலிருந்து அடுத்த சுவருக்கு இரும்புச் சேனல் போட்டு, பாரம் முழுதும் சுவரில் இறங்கும்படி செய்யுங்கள். 540 வாட் பேனல் ஒன்றே சுமார் 28 கிலோ. நிரம்பிய 200 லிட்டர் வெந்நீர்த் தொட்டிக்கும் இதே விதி. எல்லாவற்றிலும் நல்ல இடம், கொல்லையில் பிறகு கட்டிய கான்கிரீட் கூரை. அதுவும் இல்லையென்றால் கொல்லைத் தரையிலேயே கால்வனைஸ் செய்த கால்கள் நட்டு, எட்டடி உயரத்தில் கொட்டகைபோல எழுப்பலாம். ஒவ்வொரு காலுக்கும் இரண்டடி சதுரம், மூன்றடி ஆழத்துக்குக் குறையாத கான்கிரீட் அடித்தளம் வேண்டும். தெருவிலிருந்து பார்க்கும்போது முகப்பின் அழகும் கெடாது.

பேனலுக்கு 10 டிகிரி சாய்வு, தெற்கு முகம். தென்புறமாக நிற்கும் தண்ணீர்த் தொட்டி, மாடி முகடு, தென்னை எதுவானாலும், பேனலைவிட எவ்வளவு உயரமோ அதைப்போல ஒன்றரை மடங்கு தள்ளி வையுங்கள். மார்கழியில் காலை ஒன்பது மணி நிழல் அவ்வளவு நீளும். ஒரு பேனலின் கீழ்வரிசையில் மட்டும் நிழல் விழுந்தாலும் இழப்பு அந்த வரிசையோடு நிற்காது. மயில் எச்சம் காய்ந்து ஒட்டினாலும் அதன் அடியிலுள்ள செல் (பேனலில் கட்டம் கட்டமாகத் தெரியும் துண்டுகளில் ஒன்று) கொதித்துக் கருகத் தொடங்கும். காலையில் வெயில் ஏறுமுன் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம்; காய்ந்ததும் வெள்ளைப் படலம் நின்றுவிடும். சேமித்த மழைநீரே சிறந்தது.

சித்திரை வெயிலில் நிறைய மின்சாரம் வரும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். செல்லின் சூடு 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.35 சதவீதம் உற்பத்தி குறையும். 65 டிகிரியில் 14 சதவீதம் போய்விடும். பேனலுக்கு அடியில் காற்று ஓட ஓரடி இடைவெளி விடுங்கள்.

வயரிங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆறு பேனலை வரிசையாக இணைத்தால் 300 வோல்ட்டை ஒட்டிய டி.சி., அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரம், ஓடும். வெயில் இருக்கும்வரை அதை நிறுத்தவே முடியாது. இணைப்பு தளர்ந்தால் பொறி பறக்கும். பக்கத்தில் இருப்பது நூறாண்டுத் தேக்கு. அதனால் டி.சி. கேபிளை மச்சுக்குள்ளோ உத்திரத்தின் மேலோ கொண்டு போகாமல், பின்சுவருக்கு வெளியே இரும்புக் குழாயில் இறக்குங்கள். ஒரே கம்பெனி கனெக்டர்களையே ஒன்றோடொன்று இணையுங்கள். இந்த டி.சி.யை வீட்டுக்கான ஏ.சி. மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் 40 மீட்டர் தள்ளி இருந்தால் 4 சதுர மி.மீ. கேபிளில் 2 சதவீதம் வீணாகும், 6 எடுத்துக்கொள்ளுங்கள். டி.சி.க்கு, ஏ.சி. மின்சாரத்துக்கு, இடிதாங்கிக்கு என்று மூன்று எர்த் குழி தனித்தனியாகத் தோண்ட வேண்டும். செம்புறாங்கல் தரை கோடையில் காய்ந்து மின்சாரத்தை வாங்காது. ஆழமாகத் தோண்டி, எர்த்திங் கலவை போட்டு, மின்தடை 5 ஓமுக்குள் வருகிறதா என்று மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

மானியத்துக்கு முன்னால் ஈ.பி. அட்டையைப் பாருங்கள். பங்காளிகள் பலர் சேர்ந்த வீட்டில் இணைப்பு இன்னமும் காலமான ஐயா பெயரிலேயே இருக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள், அதுதான் நாள் இழுக்கும். 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். பேனலும் அதன் செல்லும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேன் உயிர் காக்க அப்படி வைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் ஃபேன் ஓட வேண்டுமென்றால் பேட்டரியோடு வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தனிச் செலவு.

பூட்டிக் கிடக்கும் வீடு

பேனலைப் பற்றிக் கவலையில்லை; ஆளில்லாத வீட்டிலும் அது, வரும் மின்சாரம் போகும் மின்சாரம் இரண்டையும் கணக்கிடும் நெட் மீட்டர் வழியாக மின்சாரத்தை ஈ.பி.க்கு அனுப்பிக்கொண்டிருக்கும். ஹீட்டர் அப்படியல்ல. எடுக்க ஆளில்லாத வெந்நீர் கொதித்து ஆவியாகும். மேல்தொட்டியும் காலியாகிவிட்டால் குழாய்கள் வெறுமையாக வெந்து 200 டிகிரியைத் தாண்டும். மாதக்கணக்கில் பூட்டும்போது வேக்குவம் குழாய்களின் மேல் தடித்த தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள், காயில் சுவிட்சை அணையுங்கள். மூடாமல் விட்டுத் திருவிழாவுக்கு வந்து இறங்கினால், வந்த வேகத்தில் மோட்டாரைப் போடாதீர்கள். சூடான கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் வரிசையாக வெடிக்கும். இரவு ஆறவிட்டு, மறுநாள் விடியுமுன் நிரப்புங்கள். நிரப்பிய பிறகு ஒவ்வொரு குழாயின் அடிநுனியையும் பாருங்கள்: அங்கே வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் குழாய் நன்றாக இருக்கிறது. வெளுத்துப் பால்போலத் தெரிந்தால் வெற்றிடம் போய்விட்டது. அந்த ஒரு குழாயை மட்டும் மாற்றினால் போதும்.