படிப்புக்கு ஏற்ற வேலை இல்லையா? மனசு தேயாமல் பார்த்துக்கொள்ள

பி.இ. முடித்துவிட்டு நாள் முழுக்க பில்லைப் பார்த்து எக்செலில் எண் தட்டிக்கொண்டிருந்தால், உடம்பைவிட மனசுதான் முதலில் களைக்கும். ஞாயிறு சாயங்காலமே நெஞ்சில் பாரம் ஏறும், சொந்தக்காரர் விசேஷத்துக்குப் போகவே தோன்றாது. இது சோம்பேறித்தனம் இல்லை.

முதலில் இரண்டு வாரம், எந்த வேலைக்கு உங்கள் படிப்பு தேவைப்பட்டது, எதற்குத் தேவைப்படவில்லை என்று தினமும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் மேனேஜரிடம் போய், "வேலை பிடிக்கவில்லை" என்று பொதுவாகப் புலம்பாமல், "இந்த ஸ்டாக் ரிப்போர்ட் தானாக வரும்படி செய்து தரட்டுமா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். மறுத்தால் சரி, ஐஐடிகள் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் தளத்தில் நீங்களாகவே படிக்கத் தொடங்குங்கள்; பாடங்கள் இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் இரண்டு வாரம் தாண்டினால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.