மின்கம்பி எட்டாத நிலம்: முன்பணம் கொடுக்கும் முன்

வீடு கட்ட இப்படியொரு நிலம் வாங்கும்போது, விலை குறைவாக இருந்தால் காரணத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் அது பாதை, தண்ணீர், மண் மூன்றில் ஒன்று. கண்ணுக்குத் தெரியும் வண்டித்தடம் உரிமை ஆகாது. வழி உரிமை பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து உள்ளூர் கட்டட அலுவலகம். குறைந்தபட்ச வீட்டுப் பரப்பு எவ்வளவு, கழிவை உரமாக்கும் கழிப்பறை மட்டும் போதுமா, கட்டும் காலத்தில் கூடாரத்திலோ வண்டியிலோ தங்கலாமா, மின் இணைப்பு கட்டாயமா? நில எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அதிகாரி மாறியதும் போய்விடும்.

கழிவுநீரை மண் எவ்வளவு வேகமாக உறிஞ்சுகிறது என்று பார்க்கும் மண் சோதனையைத்தான் பலர் தவிர்க்கிறார்கள், அங்கேதான் பணம் முழுகுகிறது. கழிவுநீர் போகும் இடத்தில் 30 செ.மீ. அகலம், 60 முதல் 90 செ.மீ. ஆழத்தில் குழி தோண்டி, இரவு முழுக்க நீரில் ஊறவிடுங்கள். மறுநாள் அடியிலிருந்து 15 செ.மீ. உயரத்துக்கு நீர் ஊற்றி, அரைமணிக்கொருமுறை அளவெடுங்கள். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்காவிட்டால் சாதாரண உறிஞ்சுகுழி நிரம்பி வழியும். அதற்குப் பதிலாக மேடு கட்டி வடிகட்டும் அமைப்புக்குச் செலவு அதிகம். சட்டென்று வடிந்தாலும் ஆபத்து: கழிவு வடிகட்டப்படாமல் நிலத்தடி நீரில் கலக்கும். இது உங்களுக்கான முன்னோட்டம். அனுமதிக்கு அலுவலகம் ஏற்கும் சோதனை தனியாக வேண்டும்.

மழைநீரை நம்பினால் கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை 1 லிட்டர். 50 சதுர மீட்டர், ஆண்டுக்கு 600 மி.மீ. என்றால் 30,000 லிட்டர். இழப்பு போக 24,000. நாளுக்கு 50 லிட்டர் வீதம் ஒருவருக்கே 18,250 போய்விடும்.

மண் சோதனையும் அனுமதியும் தேறாவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் விலகிவிடுங்கள்.