குடத்தில் யார் பெயர் இல்லை? குடவோலைப் பாடத்துக்கு மூன்று பீரியட்

குடவோலை என்பது சோழர் காலத்தில் குடத்தில் பெயர் எழுதிய ஓலைகளைப் போட்டுக் குலுக்கி ஊர்ச்சபைப் பொறுப்புக்கு ஆள் எடுத்த முறை. அந்தப் பாடத்தைப் பல வருடம் நான் தப்பாகத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மண்குடம், நாற்பது சீட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையை விடும் ஒரு பையன். வகுப்பே கைதட்டும். தேர்வுத்தாளைத் திருத்த உட்கார்ந்தால் பாதிப் பேர் "சோழர் காலத்தில் மக்கள் அனைவரும் வாக்களித்தனர்" என்று எழுதியிருப்பார்கள். குடம் மனதில் நின்றது, கூடவே ஒரு பொய்யும் நின்றுவிட்டது.

இப்போது பாடக்குறிப்பு எழுதும்போது முதல் வரியில் நோக்கம், துணைக்கருவி எதையும் எழுதுவதில்லை. ஒரு கேள்வியை எழுதுகிறேன்: "குடத்தில் யார் பெயர் இல்லை?" ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். இந்தக் கேள்விக்குக் கோபம் வராத பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்தக் கோபம் வந்துவிட்டால் மீதிப் பாடம் தானாக நகரும்.

முதல் பீரியடுக்கு 42 அட்டைகள் தேவை. பழைய நோட்டு அட்டையை வெட்டினால் போதும். ஒவ்வொன்றிலும் ஒரு கற்பனை ஆள்: வயது, ஆணா பெண்ணா, எவ்வளவு நிலம், சொந்த மனையில் வீடு உண்டா, வேதம் கற்றவரா, முன்பு பொறுப்பில் இருந்தவரா. ஒருவர் மட்டும் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். இன்னொருவர் அவருடைய மைத்துனர். எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, உத்திரமேரூர்க் கல்வெட்டில் உள்ள 921ஆம் ஆண்டுத் தகுதி விதிகளை ஒவ்வொன்றாக வாசிப்பேன். பொருந்தாதவர் உட்கார வேண்டும்.

வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். இன்றைய கணக்கில் ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதல். வகுப்பில் பெரும்பகுதி இங்கேயே உட்கார்ந்துவிடும். சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. இந்தக் கடைசி விதியில் மிச்சமிருக்கும் பெண்கள் அத்தனை பேரும் அவுட். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில், அதாவது சபையின் குழுவில், இருந்தவர் கூடாது. கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய மாமனார், மைத்துனர், மருமகன்கூடக் கூடாது. (இந்த உறவுப் பட்டியலை மட்டும் மெதுவாக வாசியுங்கள். சிரிப்பு அடங்க நேரமாகும்.) கடைசியில் மூன்று பேரோ நான்கு பேரோ நிற்பார்கள். அப்போது நான் எதுவும் விளக்க மாட்டேன். உட்கார்ந்திருப்பவர்கள் பேசட்டும்.

ஒரு எச்சரிக்கை, இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் வருடம் "நீ நிலமில்லாதவன், உட்கார்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பையன் வீட்டில் உண்மையிலேயே நிலமில்லை. பின் பெஞ்சிலிருந்து ஒருவன் அதைச் சத்தமாகச் சொல்லியும் விட்டான். அன்று அந்த வகுப்பை அதற்கு மேல் என்னால் நடத்த முடியவில்லை. இப்போது அட்டைகளை நன்றாகக் கலைத்துக் கவிழ்த்து வைத்துவிடுவேன், அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும். பேசும்போது "என் அட்டையில் இருப்பவர்" என்றுதான் பேச வேண்டும், "நான்" கிடையாது. அட்டையில் சாதி எழுதுவதில்லை. உத்திரமேரூர் பிராமணர்களுக்குக் கொடையாக வந்த சதுர்வேதிமங்கலம், அந்தச் சபை அவர்களுடையது என்ற உண்மையை மறுநாள் நானே நேராகச் சொல்லிவிடுவேன். அதை மழுப்பினால் பாடமே கெட்டுவிடும்.

இரண்டாம் பீரியட் கல்வெட்டுக்கு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பவை, சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921 ஆகிய ஆண்டுகள். இரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். 919இல் வயது 30 முதல் 60. 921இல் 35 முதல் 70. இரண்டே வருடத்தில் ஏன் மாற்றினார்கள்? காரணத்தைப் பிள்ளைகள் ஊகிக்கட்டும், ஆனால் "இது என் ஊகம்" என்று சொல்லிவிட்டுத்தான் ஊகிக்க வேண்டும். வரலாறு நடத்துவதில் எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

அப்புறம் குடத்தைக் கொண்டு வாருங்கள். முப்பது குடும்பு, அதாவது முப்பது வார்டு. ஓலையில் எழுதியது வாக்கு அல்ல, தகுதியுள்ளவர் பெயர். குலுக்கல்தான் நடந்தது, எண்ணிக்கை இல்லை. விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க, மத்யஸ்தன் (சபையின் நடுவர்) ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். விரலை ஏன் விரிக்க வேண்டும் என்று கேட்டால், சீட்டு விளையாடத் தெரிந்த எந்தப் பையனும் சட்டென்று பதில் சொல்வான். தேர்வான முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

மூன்றாவது பீரியட் நம் ஊராட்சிக்கு. ஊராட்சிகளுக்கான 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது என்று தொடங்கினால் கொட்டாவிதான் வரும். அதே 42 அட்டைகளோடு மறுபடி நிற்க வைத்து, வாக்காளர் பட்டியலில் பெயர், வயது 21, இந்த இரண்டை மட்டும் வாசியுங்கள். முதல் பீரியடில் உட்கார்ந்தவர்கள் அநேகமாக எல்லாரும் இன்று வேட்பாளராக நிற்பார்கள். தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். இதைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

வீட்டுப்பாடம் ஒன்றுதான்: கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. வீட்டில் யார் கடைசியாகப் போனார்கள், அங்கே வரவு செலவு வாசித்தார்களா என்று கேட்டு வர வேண்டும். பிள்ளைகளைக் கூட்டிப் போக நினைத்தால் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் முன்பே எழுதி வாங்குங்கள். 18 வயது ஆகாதவர்கள் பார்வையாளர்தான் என்பதையும் சொல்லி வையுங்கள்.

தேர்வுக்குத் தகுதிகளைப் பட்டியலிடு என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். "921ஆம் ஆண்டு விதிகளில் இன்றைக்கும் வேண்டியது ஒன்று, நீக்க வேண்டியது ஒன்று, காரணத்துடன் எழுது" என்று கேட்கிறேன். கணக்குக் காட்டாதவர் விதியைத்தான் ஏறக்குறைய எல்லாரும் வைத்துக்கொள்கிறார்கள். மைத்துனரை விட்டுவிடலாமா என்பதில் மட்டும் வருடா வருடம் சண்டை.

மூன்று பீரியட் எங்கே கிடைக்கும் என்பீர்கள். வரலாற்றுக்கு ஒன்றரை, குடிமையியலுக்கு ஒன்றரை என்று பிரித்துக் கணக்குக் காட்டிவிடலாம், போர்ஷன் பாதிக்காது.

இதே கேள்வியை வைத்து முதல் பொதுத்தேர்தலையும் நடத்தலாம். 1951-52இல் சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையர். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டும் பதிந்து, சொந்தப் பெயரைச் சொல்லாத சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்கான வீட்டுப்பாடமும் சின்னதுதான்: பாட்டியின் வாக்காளர் அட்டையை வாங்கி, அதில் எத்தனை பெயர் இருக்கிறது, யார் யாருடையவை என்று எழுதி வரச் சொல்லுங்கள்.